தீவுக் கலன் இணைப்புக் கழகத்தின் முதல் கமாண்டர்

மார்ட்டின் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக் கமிட்டியிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நானும் அவனும் ஒரே நாளில் தீவுக் கலன் இணைப்புக் கழகத்தில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தவர்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஃபெர்ரி வரும்போது அதிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து, இழுத்து, ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருக்கிற இரும்புக் குற்றியில் கட்ட வேண்டும். கிளம்பும்போது அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் கலன் இணைப்பு. பதினாலு வருஷம் கட்டினோம், அவிழ்த்தோம். நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு இடம் வரப்போகிறது என்று பதினாலு வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு இடம், இரண்டு பேர். அதற்குப் பிறகு நாங்கள் எப்படி நண்பர்களாக இருக்க முடியும்? ஆனால் இருந்தோம். அதற்குக் காரணமும் அவன்தான், அதிலும் எனக்குப் பொறாமை.

என் அப்பா சிலோன் தேயிலை மலையிலிருந்து கப்பலில் இந்தத் தீவுகளுக்கு வந்து இறங்கியவர். கப்பலை விட்டு இறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போனவர், கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. நான் கயிற்றைக் கற்றுக்கொண்டது உள்ளங்கை உரிந்துதான். மார்ட்டினின் ஆட்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இடது கையால் கயிற்றைப் பிடிப்பான். போர்ட் பிளேர் பக்கத்துச் சௌல்தாரியில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து. அவன் வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை வரும்போதெல்லாம் என் பெண்டாட்டி ரெங்கம்மா, "மார்ட்டின் அண்ணன் பாருங்க, வேலவிட்டு வர்றப்பவே ஒரு தூண்டில் போட்டுட்டு வந்துர்றாரு" என்பாள். நானும் ஒருநாள் தூண்டில் போட்டேன். என் செருப்பு மாட்டியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் டைரக்டராக வந்து சேர்ந்தார் டாக்டர் சிவஞானம். கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். தேங்காய் நாரை வெளிநாட்டில் விற்பது பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நார் என்றால் கயிறு, கயிறு என்றால் ஜெட்டி என்று யாரோ மேலே முடிவு செய்து அவரை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வந்த வருஷமே, துறைமுகங்களின் எதிர்காலம் என்ற கருத்தரங்குக்குப் பதினைந்து நாள் வெளிநாடு போனார். அங்கே ஒருநாள் விடுமுறை. சுற்றுலாப் பேருந்தில் ஏறி, விண்வெளி நிலையத்தின் மாதிரி வைத்திருக்கிற ஒரு கூடத்துக்குப் போய்வந்தார். கருத்தரங்கில் என்ன பேசினார்கள் என்று அவர் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கூடத்தைப் பற்றி மட்டும் வந்த மறுநாளே எங்களைக் கூட்டிவைத்து மூன்று மணி நேரம் சொன்னார்.

டிக்கெட் கவுன்ட்டர் முத்துகிருஷ்ணன், கேன்டீன் ஜெயராணி, எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன், நாங்கள் இருவர். வெயிட்டிங் ஹாலில் திரை கட்டி வீடியோ போட்டார்கள்.

"நமக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்று டைரக்டர் ஆரம்பித்தார். "தொண்ணூறு நிமிஷத்தில் அது பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நம் ஃபெர்ரி எதிர்த் தீவுக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம். வேகத்தில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் தாமதத்தில் முடியும். நன்றாகக் கவனியுங்கள். அங்கே ஒரு கலன் வந்து நிலையத்தோடு இணைந்த பிறகு, காற்று கசிகிறதா என்று பார்த்து, கதவைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. உலகமே கைதட்டுகிறது. இங்கே அரை மணி தாமதித்தால் மனு எழுதுகிறார்கள். தப்பு தாமதத்தில் இல்லை, நண்பர்களே. தாமதத்துக்கு நாம் ஒரு நடைமுறை வைக்காததில் இருக்கிறது."

முத்துகிருஷ்ணன் கைதட்டினார். அவர் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறவர்.

நான் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலன் மெதுவாக வந்தது, நின்றது, அனுமதி கேட்டது, மறுபடி வந்தது. உள்ளே மனிதர்கள் மிதந்துகொண்டே சாப்பிட்டார்கள். ஆறு மாதம் வேலை, பிறகு மாற்று ஆட்கள் வருவார்களாம். அங்கே ஏழு பேர் இருந்தால் ஊர் திரும்ப ஏழு சீட் எப்போதும் வாசலிலேயே கட்டிக் கிடக்குமாம். அதுவும் சிலருக்கு அவரவர் முதுகுக்கு அளவெடுத்து வார்த்த சீட். போன பொங்கலுக்கு மெயின்லேண்ட் போக நான் கப்பல் டிக்கெட் வரிசையில் இரண்டு நாள் நின்று, இருப்பதிலேயே மலிவான பங்க் கிளாஸ்கூடக் கிடைக்காமல் வீட்டுக்கு வந்தவன். அன்றைக்கு என் பொறாமை முதல் தடவையாக மார்ட்டினைத் தாண்டி நானூறு கிலோமீட்டர் உயரம் போய்வந்தது.

ஆனால் ரொம்ப நேரம் அங்கே தங்கவில்லை. டைரக்டர் கடைசியாகச் சொன்னார்: நம் ஜெட்டியும் இனி ஒரு நிலையம். நிலையத்துக்கு ஒரு கமாண்டர். வெளியே வராமல் ஆறு மாதம் பணியை முடிக்கிற கமாண்டருக்கு, காலியாக இருக்கிற அந்த ஒரே நிரந்தர இடம்.

நானும் மார்ட்டினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கமாண்டர் தேர்வு முறைப்படி நடந்தது. முதலில் டெண்டர் விட்டு, நீல நிறத்தில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஜிப் வைத்த ஒரே உடுப்பு ஒன்று வாங்கியிருந்தார்கள். ஒரு அளவு, ஒரு எண்ணிக்கை. பிறகு அதற்கு ஆள் தேடினார்கள். நான் போட்டுப் பார்த்தேன். உள்ளே என்னோடு இன்னொரு ஆள் நுழைய இடமிருந்தது. மார்ட்டின் போட்டான். ஜிப் நேராகத் தொண்டைக் குழியில் போய் நின்றது.

"பார்த்தீர்களா? தகுதி தானாகவே வெளிப்பட்டுவிட்டது" என்றார் டைரக்டர்.

"சார், தைச்சுச் சின்னதாக்கிக்கலாம் சார்" என்றேன்.

"தகுதியைத் தைக்க முடியாது, ஒச்சப்பன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ் மாறி பெரார்கஞ்ச் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை, வயிறு அப்படி எரிந்தது.

வெயிட்டிங் ஹால் நிலையமாக மாறியது. சன்னல்களையெல்லாம் தெர்மாகோல் வைத்து அடைத்து, மேலே வெள்ளித்தாள் ஒட்டினார்கள். ஒரே ஒரு சன்னலை மட்டும், பூமியைப் பார்ப்பதற்கு என்று கண்ணாடியோடு விட்டார்கள். உள்ளே ஏசி. பயணிகள் மழையில் குடை பிடித்து வெளியே நின்றார்கள். ஹாலில் காத்திருக்க வந்த ஒரு பெங்காலிக் கிழவர் கதவைத் தட்டி, "அரே பாய், அந்தர் ஜகா ஹை கியா?" என்று இந்தியில் உள்ளே இடம் கேட்டார். உள்ளே முப்பது பேர் உட்காருகிற இடத்தில் மார்ட்டின் மட்டும், பெஞ்சில் பெல்ட்டால் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எடையில்லாத இடத்தில் அப்படித்தான் தூங்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது.

எனக்கும் ஒரு பதவி கொடுத்தார்கள். 'வருகைக் கலன் - சரக்கு.' பதவியே அதுதான். ஒரு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, ஒரு வாக்கி டாக்கி. தினமும் மத்தியானம் கேன்டீனிலிருந்து சாப்பாட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு நிலையத்தை நோக்கி வர வேண்டும். முப்பது அடியில் ஒரு நிறுத்தம், பத்து அடியில் ஒரு நிறுத்தம், மூன்று அடியில் ஒரு நிறுத்தம்.

"நிலையம், நிலையம். சரக்குக் கலன் ஒச்சப்பன் பேசுறேன். முப்பது அடில நிக்கிறேன்."

"சொல்லுல ஒச்சப்பா. இன்னிக்கு என்ன கொழம்பு?" மார்ட்டினின் குரல்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து, அதாவது டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து, முத்துகிருஷ்ணன் குறுக்கே வருவார். "அரட்டை வேண்டாம். கலனின் வேகம் என்ன?"

"நிக்கிறேன் சார்."

"நிற்கிற வேகம் என்ன?"

வண்டி கதவைத் தொட்டதும் கசிவுப் பரிசோதனை. வாட்ச்மேன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவு இடுக்கில் வைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு மணி நேரம் பார்ப்பார். புகை எப்போதும் அவர் மூக்குப் பக்கமே போயிற்று. அதையும் நோட்டில் எழுதினார். அதற்குள் குழம்பு ஆறி, மேலே எண்ணெய் உறைந்துவிடும். பிறகு கதவு திறக்கும். மார்ட்டின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, குப்பையை வண்டியில் வைப்பான்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. விண்வெளியில் பெரும்பாலும் சரக்குக் கலனில் குப்பையை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். அது திரும்பி வரும்போது காற்றில் உரசி, குப்பையோடு சேர்ந்து எரிந்துபோகும். டைரக்டர் இதைப் பரிபூரணமாகக் கடைப்பிடித்தார். தினமும் ஜெட்டிக்குப் பின்னால் தள்ளுவண்டியை நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். நான்காவது வண்டியோடு ஸ்டோரில் வண்டி தீர்ந்துவிட்டது. மீன் சந்தையில் இரண்டு வாங்கினார்கள். அதுவும் தீர்ந்தது. வண்டி இல்லாத நாளில் நான் சாப்பாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

"சார், இப்ப கலன் நான்தானே? என்னையும் எரிக்கச் சொல்லி விதி இருக்கா சார்?" என்று கேட்டேன்.

டைரக்டர் சிரிக்கவில்லை. கையேட்டைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்து, "தற்காலிகமாக வேண்டாம்" என்று எழுத்தில் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்ப உரையாடல். இருபது நிமிஷம். மார்ட்டினின் மனைவி ஜாக்குலின் மாதாக்கோயில் பூசை முடிந்து நேராக வருவாள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே அவள், உள்ளே அவன். நடுவில் நான்கு அடி. ஆனாலும் செல்போனில்தான் பேச வேண்டும், அதுவும் முத்துகிருஷ்ணன் இணைப்புக் கொடுத்த பிறகு. சிக்னல் இல்லாத நாளில் இரண்டு பேரும் இருபது நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அவள் என்னிடம், "அண்ணே, கோயில் திருநாளுக்காவது ஒரு மணி நேரம் விடமாட்டாவளா? புள்ள தேடுது" என்று கேட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பெண்டாட்டி எனக்காக இப்படி யாரிடமாவது கேட்டிருக்கிறாளா என்று உடனே தோன்றியது. பாவம் போய்விட்டது.

ஃபெர்ரிக்கும் இதே நடைமுறைதான். அதை ஓட்டுகிற சாரங் முத்துவீரனுக்கு முப்பது வருஷ அனுபவம். நேராக வந்து, ஒரு உறுமல் உறுமி, பக்கவாட்டில் ஒட்டிவிடுவார். இப்போது இருநூறு மீட்டரில் நிற்க வேண்டும். நிலையத்தின் எல்லாப் பிரிவும் 'கோ' என்று சம்மதம் சொன்ன பிறகுதான் வரலாம்.

"மின்சாரம்?"

"கோ."

"பாதுகாப்பு?"

"கோ சாப்."

"பயணச்சீட்டு?"

முத்துகிருஷ்ணனே கேட்பார், முத்துகிருஷ்ணனே பதில் சொல்வார். "கோ."

"உணவு?"

"ஒரு நிமிஷம் இருங்க, வடை கருகுது" என்பாள் ஜெயராணி. அதை 'நோ கோ' என்று பதிவு செய்வார்கள். ஃபெர்ரி கால் மணி நேரம் அலையில் ஆடும். பயணிகள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள். முத்துவீரன் ஒலிபெருக்கியில் மூன்று பாஷையில் திட்டுவார். அந்த மாதம் டைரக்டர் ஒரு அறிக்கை அனுப்பினார்: 'இந்த நடைமுறை வந்த பிறகு ஒரு இணைப்பில்கூட அவசரம் காணப்படவில்லை.'

இதற்கெல்லாம் நடுவில் மார்ட்டின் பிரபலமாகிவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து சன்னல் வழியாகப் பார்த்தார்கள். உள்ளூர் டிவிக்காரர்கள் வந்தார்கள். அவன் நீல உடுப்பில் நின்று கையசைத்தான். ட்ரெட்மில்லில் தினமும் இரண்டு மணி நேரம் நடந்தான். நாலரை மாதத்தில் வெயில் படாமல் முகம் வெளுத்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை குறையவில்லை. வெளுத்தாலும் நன்றாகத்தான் இருந்தான், தடியன்.

"இன்னும் நாப்பது நாளுல" என்று ஒருநாள் வாக்கி டாக்கியில் சொன்னான். "பெர்மனென்ட் ஆனதும் மொத வேலையா உனக்கும் ஒரு எடம் கேக்கப் போறேன். நீ பாரு."

எனக்கு இடம் கேட்கிற உயரத்துக்கு அவன் போய்விட்டான். அன்று அவன் சாப்பாட்டில் இருந்த மீன் துண்டை நான் தின்றுவிட்டேன்.

நாற்பது நாளில் முப்பத்தோரு நாள் போயிற்று. அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. கடல் ஜெட்டிக்கு மேலே ஏறி ஏறி விழுந்தது. எதிர்த் தீவிலிருந்து பதினோரு மணி ஃபெர்ரி அறுபது பேரோடு வந்தது. அதில் ரெங்கம்மா இருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவள்.

இருநூறு மீட்டரில் நிறுத்தினார்கள். மின்சாரம் கோ, பாதுகாப்பு கோ, பயணச்சீட்டு கோ. உணவு என்றபோது பதில் வரவில்லை. ஜெயராணிக்குப் பல்வலி, லீவு.

"கேன்டீன் பூட்டியிருக்கு சார், விட்டுருங்க, உள்ள வரட்டும்" என்று நான் கத்தினேன்.

முத்துகிருஷ்ணன் டைரக்டருக்கு போன் போட்டார். டைரக்டர் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட் வீட்டில் இருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "உணவுப் பிரிவின் சம்மதம் இல்லாமல் இணைப்பு இல்லை. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கலன் அதே இடத்தில் நிற்கட்டும்."

கலன் அதே இடத்தில் நிற்கவில்லை. நின்று நின்று ஆடியதில் இன்ஜின் இருமி, அணைந்தது. அலை அதைப் பக்கவாட்டில் தள்ளி, ஜெட்டிக்கு வடக்கே இருக்கிற பாறைப் பக்கம் கொண்டுபோக ஆரம்பித்தது. அறுபது பேரின் அலறல் காற்றோடு வந்தது. முத்துவீரன் இதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. மிதந்து ஜெட்டி முனையைக் கடக்கிற நேரத்தில், ஒலிபெருக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்து வீசினார். நான் ஓடிப் பிடித்தேன். பிடித்துவிட்டேன், ஆனால் ஒற்றை ஆளால் ஒரு ஃபெர்ரியை இழுக்க முடியுமா? கயிறு என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. கால் வழுக்கியது.

"மார்ட்டின்! கயிறு! மார்ட்டின்!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன்.

நிலையத்தின் கதவு வெள்ளித்தாளோடு பிய்ந்து விழுந்தது. நீல உடுப்பில் அவன் வந்தான். எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தான், ஒரு சுண்டு சுண்டினான், குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றினான். ஃபெர்ரி முனகிக்கொண்டு வந்து ஒட்டியது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அறுபது பேரும் குதித்து இறங்கினார்கள். ரெங்கம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்து, நடுங்கிக்கொண்டே வந்தாள். வந்து மார்ட்டினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் டைரக்டர் வந்தார். முதல் உத்தரவு: உணவுப் பிரிவின் சம்மதம் இல்லாமல் நடந்த இணைப்பு செல்லாது. அறுபது பேரும் சட்டப்படி இன்னும் கடலில்தான் இருக்கிறார்கள். எனவே அவர்கள் ஃபெர்ரியில் ஏறி, இருநூறு மீட்டர் போய், முறைப்படி மறுபடி வந்து இறங்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மீதி முப்பத்தேழு பேர் பதிவேட்டில் இன்றுவரை வந்து சேரவில்லை.

அடுத்து விசாரணைக் கமிட்டி. தலைவர், டாக்டர் சிவஞானம். புகார் கொடுத்தவர், டாக்டர் சிவஞானம். மூன்றாவது உறுப்பினர் பதவி காலி.

"அறுபது பேர் பிழைத்தது தற்செயல்" என்று அவர் என்னிடம் சொன்னார். "கதவு உடைந்தது ஆதாரம். தற்செயலை வைத்து நான் கோப்பு எழுத முடியாது. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். கமாண்டர் தானாக வெளியே வந்தாரா, யாராவது கூப்பிட்டு வந்தாரா? கூப்பிட்டு வந்தார் என்றால் அது கூட்டுச் சதி. இரண்டு பேரையும் அனுப்பிவிடுவேன். தானாக வந்தார் என்றால் அவர் மட்டும். அப்போது நிரந்தர இடம் மிச்சமிருக்கிற ஆளுக்கு. யோசித்து எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள்."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கட்டுப் போட்ட கையால் பேனா பிடிக்க வரவில்லை. பதினாலு வருஷத்தை நினைத்துப் பார்த்தேன். தொண்டைக் குழிவரை போன ஜிப்பை நினைத்தேன். ரெங்கம்மா பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு கையை நினைத்தேன். பிறகு எழுதினேன்: 'ஒச்சப்பன் கூப்பிடவில்லை. மார்ட்டின் தானாகவே கதவை உடைத்து வெளியே வந்தார்.' என் பெயரையே வேறு யாரோ மாதிரி எழுதியிருந்தது அப்புறம்தான் கண்ணில் பட்டது. மாற்றவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பொறுப்பு மாற்று விழா. மேடை, மைக், பூமாலை எல்லாம் உண்டு. விண்வெளியில் பழைய கமாண்டர் புதிய கமாண்டரிடம் நிலையத்தை ஒப்படைக்கும்போது பேச்சும் கைகுலுக்கலும் உண்டாம். எனக்கு நீல உடுப்பு கொடுத்தார்கள். தையற்கடையில் கொடுத்துச் சின்னதாக்கியிருந்தார்கள். தைக்க முடிகிற தகுதிதான் போலிருக்கிறது. மார்ட்டின் பழைய லுங்கியோடு வந்து நின்றான். கூட்டத்தில் ஜாக்குலின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ரெங்கம்மா.

டைரக்டர் அறிக்கையை வாசித்தார். "என் பணிக்காலத்தில் எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்துப் பார்த்ததில்லை. இவர்கள் இருவரும் தனித்தனி அறையில் எழுதினார்கள். ஒச்சப்பன் எழுதுகிறார்: 'ஒச்சப்பன் கூப்பிடவில்லை. மார்ட்டின் தானாகவே கதவை உடைத்து வெளியே வந்தார்.' மார்ட்டின் எழுதுகிறார்: 'ஒச்சப்பன் கூப்பிடவில்லை. நானாகவே கதவை உடைத்து வெளியே வந்தேன்.' கழகத்தின் பயிற்சி எப்படிப்பட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் எனக்காக எழுதியிருக்கிறான். இரண்டு பேரும் போவதற்குப் பதில் நானாவது இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறான். இதிலும் என்னை முந்திவிட்டான். வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது.

மார்ட்டின் கையை நீட்டினான். என் கையில் கட்டு இருப்பதைப் பார்த்து, குலுக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "உள்ள ராத்திரில குளிரும்ல. ஏசியக் கொறச்சு வச்சுக்க" என்றான். ஜாக்குலினிடமிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மழையில் நடந்து போனான். அவனை முத்துவீரன் ஃபெர்ரியில் கயிறு வீசுகிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

நிரந்தர வேலை உத்தரவை என் கையில் கொடுத்து, உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வாட்ச்மேன் ஊதுபத்தி கொளுத்தினார். எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"சார், ஆறு மாசம் கழிச்சு என்னை மாத்த யார் சார் வருவா?"

"மாற்று ஆள் வரும்வரை கமாண்டர் வெளியே வரக்கூடாது" என்று முத்துகிருஷ்ணன் கையேட்டை வாசித்தார்.

"அது தெரியும் சார். மாற்று ஆள் யாரு? இங்க கயிறு பிடிக்கிறவன் ரெண்டே பேரு. ஒருத்தன அனுப்பிட்டீங்க."

பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கோப்பு போட்டிருக்கிறோம்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மா வந்தாள். கண்ணாடிக்கு வெளியே குடையை மடக்கிவிட்டு நின்றாள். முத்துகிருஷ்ணன் இணைப்புக் கொடுத்தார். நான் உடுப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்துக்கொண்டே போனைக் காதில் வைத்தேன்.

"என்னாங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னைக்கு நீங்க மார்ட்டின் அண்ணனக் கூப்புட்டது போட்டுல இருந்த அறுவது பேருக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. அவரு உங்களுக்காகப் பொய் எழுதுனாரு. நீங்க யாருக்காக எழுதுனீங்க?"

நான் போனைக் காட்டி, சரியாகக் கேட்கவில்லை என்று சைகை செய்தேன். அவள் நம்பவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது. இருபது நிமிஷத்தில் இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருந்தது.